வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வந்தது? நினைவிலிருந்து கரியில் வரைவது எப்படி

நினைவிலிருந்து ஒரு வீட்டை வரையப் போகிறேன் என்று சொல்லுகிறவர்கள் முதல் வேலையாக அலுமாரியைத் திறந்து பழைய அல்பத்தைத் தேடுவார்கள். தேடாதீர்கள். அல்பம் கையில் கிடைத்தாலும் வரைந்து முடியும்வரை மூடியே வையுங்கள், ஏனென்றால் போட்டோவைப் பார்த்தவுடன் அந்தக் கமெராவுக்குத் தெரிந்ததுதான் உங்கள் தாளில் வந்து உட்காரும், உங்களுக்கு மட்டுமே தெரிந்தது பின்னால் போய்விடும். அல்பமே இல்லாதவர்களும் எங்களில் நிறையப் பேர். 1983 ஜூலையில் கொழும்பில் வீடு எரிக்கப்பட்டவர்கள், 1995 ஒக்டோபர் 30 இரவு மழைக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள், காணி உறுதியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓடிய இவர்களுக்கு அல்பத்தை நினைக்க நேரம் இருக்கவில்லை. வெள்ளவத்தையில் ஏதோ ஒரு ஃபிளாட்டில் இருந்துகொண்டு அந்த வீடுகளை இன்னமும் தலைக்குள் அறை அறையாக நடந்து பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்கள் சொல்லக் கேட்டு வரைய விரும்புகிற பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

சொல்ல வருவது ஒன்றுதான். பொருளிலிருந்து தொடங்காதீர்கள், வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். கதவு, கதிரை, ஆள் எல்லாம் அதற்குப் பின்னால் வரும். வராதது இருட்டிலேயே நிற்கட்டும்.

இந்த வேலைக்குக் கரியைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியாது. பென்சில் கோட்டில் தொடங்கும், கோடு போட்டால் முடிவெடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்: யன்னல் இவ்வளவு அகலம், இந்த இடத்தில்தான் இருந்தது. கரிக்குச்சியைப் படுக்கவைத்து இழுத்தால் வருவது ஒரு பரப்பு, அது இன்னும் யன்னலும் இல்லை சுவரும் இல்லை. துணியால் ஒரு தடவு தடவினால் பாதி போய்விடும், மீதி சாம்பல் நிறமாகத் தாளின் சொரசொரப்புக்குள் தங்கும். "இல்லை, அது இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு" என்று ஞாபகம் திருத்தும்போது தாளும் கூடவே திருந்தும்.

ஞாபகம் திருந்திக்கொண்டேதான் இருக்கும், அதையும் சொல்லிவிடவேண்டும். பிரெட்ரிக் பார்ட்லெட் என்ற இங்கிலாந்து உளவியலாளர் 1932இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு படத்தை ஒருவருக்குக் காட்டி நினைவிலிருந்து வரையச் சொல்லி, அவர் வரைந்ததை அடுத்தவருக்குக் காட்டி, இப்படியே கைமாறவிட்டார். ஆந்தை மாதிரித் தொடங்கிய ஓர் எகிப்திய உருவம் கடைசியில் பூனையாகிவிட்டது. ஒரே ஆள் திரும்பத் திரும்ப நினைத்துச் சொன்னாலும் சங்கதி மாறத்தான் செய்யும் என்று அவர் கண்டார், ஏனென்றால் நினைவு ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டப்படுகிறது. ஆகவே நூற்றுக்கு நூறு சரியாக வரைய முடியுமா என்ற கவலையை விடுங்கள். ஆனால் உறுதியாகத் தெரிந்தது எது, ஊகித்தது எது என்று பார்க்கிறவருக்குக் காட்டவேண்டிய கடமை இருக்கிறது, முக்கியமாக அது வேறொருவருடைய நினைவாக இருந்தால். நிழல் அந்த வேலையைச் செய்யும். எப்படி என்று கீழே வருகிறது.

சாமான்கள்

அதிகம் வேண்டாம். வில்லோ சார்க்கோல் என்று பெட்டியில் விற்கிற மெல்லிய குச்சிகள், அவை லேசாகத் துடைபடும். பசை சேர்த்து அழுத்திச் செய்த கட்டிக் கரி ஒன்று, அது மிகக் கறுப்பு, ஒட்டினால் முழுதாகப் போகாது, அதனால் கடைசிக் கட்டத்துக்கு முன் அதைக் கையில் எடுக்கவே கூடாது. தாள் கொஞ்சம் சொரசொரப்பாக, 120 கிராமுக்குக் குறையாமல், ஏ3 அளவிலாவது இருக்கட்டும், வழவழப்பான அட்டையில் கரி நிற்காது. சொரசொரப்பான பக்கம் எது என்று விரலால் தடவினால் தெரிந்துவிடும். கையால் பிசைந்து உருவம் மாற்றக்கூடிய அழிறப்பர் ஒன்று கட்டாயம் வேண்டும், ஏனென்றால் இந்த முறையில் அதுதான் உங்கள் தூரிகை. கிடைக்காவிட்டால் சுவரில் தாள் ஒட்டுகிற ப்ளூ டாக் நன்றாகவே வேலை செய்யும். ரப்பர் வருவதற்கு முன் ஓவியர்கள் பாணின் உட்பகுதியைத்தான் உருட்டி அழித்தார்கள், அவசரத்துக்கு அதுவும் சரி, ஆனால் பட்டர் பூசாத பாணாக இருக்கவேண்டும், வேலை முடிந்ததும் தூளைத் தட்டிவிடவேண்டும், இல்லாவிட்டால் எறும்பு வந்துவிடும். துடைக்கப் பழைய பருத்திச் சாரம் ஒரு துண்டு.

கரியை நீங்களே சுடலாம். ஐரோப்பாவில் திராட்சைக் கொடியைச் சுட்டுக் கரி செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற சொந்தக்காரர் இருந்தால் கத்தரித்து எறிகிற கொடியில் ஒரு கட்டுக் கேட்டுப் பாருங்கள். ஆந்திராவின் ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி என்ற துணி ஓவியம் வரைகிறவர்கள் புளியங்குச்சியைச் சுட்டுத்தான் துணியில் முதல் உருவத்தைப் போடுகிறார்கள், கொழும்பில் புளியமரத்துக்குப் பஞ்சமில்லை. விரல் மொத்தத்துக்கு உட்பட்ட குச்சிகளைக் காயவைத்து, பிஸ்கட் டின்னில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு நெருப்பில் வையுங்கள். துளையால் முதலில் வெள்ளைப் புகை வரும். புகை நின்றதும் எடுத்து, டின் நன்றாக ஆறும்வரை திறக்காமல் வையுங்கள், சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு எல்லாம் சாம்பலாகும். இதை முற்றம் இருக்கிற வீட்டில் செய்யுங்கள், ஃபிளாட் பல்கனியில் வேண்டாம்.

கொழும்புக்கென்று இரண்டு விஷயம். ஒன்று ஃபேன். வரைகிற நேரம் அது பலகைக்கு நேரே அடிக்கக்கூடாது, கரித்தூள் சுவரெல்லாம் ஏறுவதோடு மூக்குக்குள்ளும் போகும். வாயால் ஊதவும் வேண்டாம், பலகையைச் செங்குத்தாக வைத்து மெல்லத் தட்டினால் தூள் கீழே விழும். மற்றது ஈரம். மே, ஜூன் மழைக்கும் ஒக்டோபர், நவம்பர் மழைக்கும் தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், கரி திட்டுத்திட்டாகப் பிடிக்கும், கை வியர்வை பட்ட இடம் தனியாகத் தெரியும். தாளைப் பொலித்தீன் பையில் சுற்றி, சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா பைகளைக் கூடவே போட்டு வையுங்கள். வரையும்போது கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள்.

வெளிச்சத்தை விசாரிப்பது

இதுதான் முக்கியமான பகுதி, இதற்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் பரவாயில்லை. "வீடு எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்ல பெரிய வீடு" என்றுதான் பதில் வரும், அதை வைத்து ஒரு கோடும் போடமுடியாது. "காலமை எழும்பினதும் வெயில் எங்கே விழும்?" என்று கேளுங்கள். உங்களையே கேட்பதாக இருந்தாலும் இதுதான் கேள்வி.

நான்கு சங்கதி தெரிந்தால் போதும். வெளிச்சம் எங்கேயிருந்து வந்தது, எவ்வளவு உயரத்தில் இருந்தது, அதன் வாய் சிறிதா பெரிதா, அது எட்டாத இடம் எது. உயரம் தெரிந்தால் நிழல் நீளமா கட்டையா என்று தெரியும். வாய் சிறிதாக இருந்தால், ஒற்றை பல்ப்போ விளக்குச் சுடரோ என்றால், நிழலின் விளிம்பு வெட்டினமாதிரி இருக்கும். ட்யூப் லைட், மேகம் மூடிய வானம், அகலமான வாசல் இவை எல்லாம் விளிம்பைக் கரைத்துவிடும். எந்த வெளிச்சத்திலும் ஒரு பொருளின் நிழல் அது நிலத்தைத் தொடுகிற இடத்தில் கூர்மையாகவும் தள்ளிப் போகப்போக மங்கலாகவும் இருக்கும். கதிரையின் கால் நிழலை அடிமுதல் நுனிவரை ஒரே கூர்மையில் வரைந்தால் கதிரை மிதக்கிற மாதிரித் தெரிவது அதனால்தான்.

கொழும்பு வெளிச்சத்துக்கு ஒரு குணம் இருக்கிறது. நாங்கள் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகைக்குள் இருக்கிறோம், ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் பகல் பன்னிரண்டு மணி தாண்டிச் சில நிமிடத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், காலி வீதியில் நடக்கிற ஆளின் நிழல் செருப்புக்குள் ஒளிந்துவிடும். அந்த நேரத்து நினைவை வரைகிறீர்கள் என்றால் யன்னலால் வெயில் சாய்ந்து விழுகிற மாதிரி வரைய முடியாது. வெயில் முற்றத்துச் சீமெந்தில் அடித்துத் திரும்பி மேலே ஏறி, வீட்டுக்குள் முகட்டைத்தான் வெளிச்சமாக்கும், விறாந்தையில் இருக்கிறவரின் நாடிக்குக் கீழே மெல்லிய ஒளி விழும், நெற்றி நிழலில் இருக்கும். இதைக் கவனித்து வரைந்தாலே பார்க்கிறவருக்கு மத்தியானம் என்று தெரிந்துவிடும், மணிக்கூடு வரையத் தேவையில்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கைகள் கிழக்கு மேற்காகக் கிடப்பதால் பின்னேரம் ஐந்தரை மணிக்கு வெயில் ஒழுங்கையின் முழு நீளத்துக்கும் நேராக உள்ளே வரும். கடல் பக்கத்திலிருந்து வருகிற எவரும் கறுப்பு உருவம்தான், முகம் இருக்காது, காதோரமும் தோளோரமும் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. அவர்களுடைய நிழல் அவர்களுக்கு முன்னால் உங்களிடம் வந்து சேர்ந்துவிடும். கொட்டாஞ்சேனைப் பழைய வீடுகளில் வேறு கதை, அவை நீளமாக உள்ளே போகும், தெருவாசலில் ஒரு வெளிச்சம், பின்பக்க முற்றத்தில் ஒரு வெளிச்சம், நடு அறைகளில் பகலிலும் இருட்டு. ஒரு ஆள் பின்பக்கத்தால் வரும்போது முதலில் கறுப்பு, நடுவில் ஆளே இல்லை, வாசலுக்குக் கிட்ட வந்ததும்தான் முகம். செட்டியார் தெரு நகைக்கடைகளில் ஏழு மணிக்கு வெளிச்சம் முழுக்கக் கடைக்குள்ளே, தெருவில் நிற்கிறவர்களுக்கு ஒரு பக்க முகம்தான் இருக்கும். உங்கள் நினைவு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரின் சூரியனை இப்படி விசாரித்துவிடுங்கள்.

வீட்டின் வரைபடத்தை முதலில் போடுவது இதற்கு நல்ல உதவி. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து போடச் சொல்லி, அவற்றோடு தன் ஓவியங்களையும் சேர்த்து 2011இல் நூலாக வெளியிட்டார். நீங்களும் ஒரு கொப்பித் தாளில் பென்சிலால் அறை, கதவு, யன்னல், கிணறு என்று பெட்டி பெட்டியாகக் கீறுங்கள், மூலையில் கிழக்கைக் குறியுங்கள். கிழக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாதவர்களுக்கும் சாமியறை எந்தப் பக்கம் பார்த்தது என்பது ஞாபகம் இருக்கும், அதிலிருந்து பிடித்துவிடலாம்.

தாளில் இறங்குவது

முழுத் தாளிலும் கரியைப் படுக்கவைத்துப் பூசி, சாரத் துண்டால் வட்டமாகத் தேய்த்து, ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளைத் தாளில் தொடங்கினால் எதையாவது போட்டு நிரப்பவேண்டும் என்று கை பறக்கும், சாம்பல் தாளில் அந்த அவசரம் வராது. இனி ஒரு விதி, இதை மட்டும் கைவிடாதீர்கள்: வெள்ளை என்றால் வெளிச்சம் இருந்தது என்று உறுதியாகத் தெரிந்த இடம், கறுப்பு என்றால் நிழல் இருந்தது என்று உறுதியாகத் தெரிந்த இடம், தொடாமல் விட்ட சாம்பல் என்றால் தெரியாது. நான் சொன்ன அந்தக் கடமை இப்படித்தான் நிறைவேறும்.

முதலில் அழிறப்பர். வெளிச்சம் வந்த இடத்தையும் அது போய் விழுந்த இடத்தையும் மட்டும் அழுத்தி எடுங்கள், தேய்க்கவேண்டாம், ஒற்றி எடுங்கள். அடுத்தது வில்லோக் கரியால் பெரிய நிழல். பொருள்களின் பெயரை மறந்துவிட்டு நிழலின் உருவத்தை வரையுங்கள், அலுமாரியின் நிழலும் கதவின் நிழலும் சேர்ந்து ஒரே கறுப்பாக இருந்தால் அப்படியே ஒன்றாகப் போடுங்கள், நடுவில் கோடு பிரிக்காதீர்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் படம் மூன்று நான்கு துண்டாகத் தெரியவேண்டும். நிழலுக்குள் கொஞ்சம் திரும்பி வருகிற வெளிச்சம் இருக்கும், வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் இருக்கிற கன்னத்தில் அது தெரியும், ஆனால் அதை நேரடி வெளிச்சத்தைவிட ஒருபோதும் கூட்டவேண்டாம்.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் பிடித்துப் பார்ப்போம். 1990இல் போர் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. வீட்டுக்கு வீடு ஜாம் போத்தல் விளக்கு, போத்தலுக்குள் பஞ்சு, அதில் சொட்டு மண்ணெண்ணெய், நூல் திரி. என் மாமி ஒருவர் அந்த வெளிச்சத்தில் சோதனைக்குப் படித்தவர். அந்த இரவை வரையலாமா என்று கேட்டேன். சரி என்றார்.

"விளக்கு மேசையிலையோ மாமி?"

"மேசை எங்க தம்பி, அதை எப்பவோ வித்தாச்சு. நிலத்தில பாய். விளக்கு அந்தச் சவுக்காரப் பெட்டிக்கு மேல."

அந்த ஒரு பெட்டியில் முழுப் படமும் மாறிவிட்டது. மேசை என்றால் சுடர் நெஞ்சு உயரத்தில் இருக்கும். பெட்டி என்றால் முழங்காலுக்குக் கீழே. பெட்டியைச் சுற்றிப் பாயில் ஒரு சதுர நிழல், சுடருக்கு மிகக் கிட்ட இருந்தும் விளக்கின் காலடி இருட்டு. முகத்தில் வெளிச்சம் கீழேயிருந்து வருவதால் நாடி, மூக்கின் அடிப்பக்கம், மேல் உதடு, புருவத்தின் கீழ் விளிம்பு இவைதான் வெள்ளை, மூக்கின் நிழல் நெற்றியை நோக்கி மேலே போகும். பின்சுவரில் தலையின் நிழல் ஆளைவிடப் பல மடங்கு பெரிது, முகட்டுவரை ஏறி வளைந்து நிற்கும். யாராவது விளக்குக்குக் கிட்டக் குனிந்தால் சுவரில் அந்த நிழல் இன்னும் வீங்கும்.

சின்ன விளக்கின் இன்னொரு தன்மை, தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. ஒரு அடியில் இருக்கிறவரின் முகம் தாளின் வெள்ளை என்றால் மூன்று அடியில் இருக்கிறவர் கிட்டத்தட்ட சாம்பலோடு சாம்பல். அப்படியானால் யார் எங்கே இருந்தார்கள் என்று தெரிந்தே ஆகவேண்டும், அதனால் அடுத்த கேள்வி: "விளக்குக்குக் கிட்ட ஆர்?" சோதனை எழுதுகிற பிள்ளைக்குத்தான் கிட்டத்து இடம் என்று ஒரு ஒழுங்கு இருந்ததாம், மற்ற இரண்டு பேரும் தள்ளி, தம்பி சுவரோரம் படுத்தபடி. அம்மா? "அம்மா வெளிச்சத்துக்குள்ள வாறேல்ல. சாப்பாட்டுக் கோப்பையை நீட்டுவா." அப்படியே வரைந்தேன். தாளின் வலது ஓரத்தில் ஒரு கையும் கோப்பையின் விளிம்பும் மட்டும் அழிறப்பரால் எடுத்தது, முழங்கைக்குப் பிறகு தொடாத சாம்பல். அந்தப் படத்தில் மாமி அதிக நேரம் பார்த்தது அந்தக் கையைத்தான்.

கொழும்பில் வளர்ந்த பிள்ளைகள் இதைக் கற்பனை செய்ய முடியாது என்று நினைக்கவேண்டாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம், மெழுகுதிரியை நிலத்தில் வைத்தால் நிழல் என்ன செய்யும் என்று அவர்களும் பார்த்தவர்கள்தான். வேண்டுமானால் இன்று இரவே லைட்டை அணைத்துவிட்டு ஒரு மெழுகுதிரியோடு சோதித்துப் பாருங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் எடுக்கும், அதுவரை பொறுத்திருந்தால் சுவரில் முன்பு தெரியாத நிழல்கள் தெரியும்.

அழித்ததை மறைக்காதீர்கள்

வரைந்துகொண்டிருக்கும்போது "இல்லை, கதவு இடதுபக்கம்" என்று வரும். துடையுங்கள், இடதுபக்கம் போடுங்கள், பழைய கதவின் தடம் மங்கலாகத் தெரியட்டும். அதை முழுதாகப் போக்க முயன்றால் தாள் பழுதாவதோடு, நினைவு எந்த வழியால் வந்தது என்பதும் போய்விடும். தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1980களின் கடைசியிலிருந்து அசைபடங்களையே இப்படிச் செய்கிறார், ஒரு கரி ஓவியத்தைப் படம்பிடித்து, கொஞ்சம் அழித்து மாற்றி, மறுபடி படம்பிடித்து. அழித்த தடம் தாளில் அப்படியே கிடக்கும், அதுவும் கதையில் ஒரு பங்கு. நீங்களும் ஃபோனை ஒரு இடத்தில் அசையாமல் நிறுத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு படம் எடுத்துவையுங்கள். அம்மம்மா எந்த இடத்தில் என்ன திருத்தினா என்பது பிறகு ஒரு பெரிய சொத்து.

ஒரு எச்சரிக்கை. விரலால் தேய்த்து மழுப்புகிற பழக்கம் எல்லாருக்கும் வரும், ஏனென்றால் தேய்த்தால் அழகாக இருக்கும், கனவு மாதிரியும் இருக்கும். எல்லாவற்றையும் தேய்த்தால் கறுப்பும் போய் வெள்ளையும் போய் முழுத் தாளும் ஒரே புகையாகிவிடும், பார்க்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. உண்மையான ஞாபகத்தில் ஒன்றிரண்டு இடம் மிகத் துல்லியமாக இருக்கும், பூட்டின் துருவோ சாறியின் கரையோ ஏதோ ஒன்று. அந்த இடத்தில் விளிம்பைக் கூர்மையாக வெட்டுங்கள், மற்ற இடத்தில் விளிம்பு தானாகக் கரையட்டும். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் செரா 1880களில் கொன்டே என்ற கறுப்பு வண்ணக்குச்சியால் சொரசொரப்பான தாளில் வரைந்தவற்றைப் பாருங்கள், ஆளைச் சுற்றிக் கோடே கிடையாது, உருவத்தின் கறுப்பான பக்கத்துக்கு அருகில் பின்னணியைக் கொஞ்சம் வெளிறவிட்டு, வெளிச்சமான பக்கத்துக்கு அருகில் பின்னணியைக் கறுப்பாக்கி, ஆளை நிறுத்துகிறார். கட்டிக் கரியை இப்போதுதான் எடுக்கவேண்டும், மிக ஆழமான இரண்டு மூன்று கறுப்புக்கு மட்டும்.

முகத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். செத்துப்போனவரின் முகத்தை நேராக நினைத்தால் நினைவில் வருவது பெரும்பாலும் சுவரில் மாலை போட்டிருக்கிற படம்தான். அவர் கதிரையில் சாய்கிற விதம், தோள் ஒரு பக்கம் இறங்கியிருப்பது, பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் காது இவைதான் உங்களுக்குச் சொந்தமானவை. முகத்தை நிழலில் விட்டாலும் அது அவர்தான் என்று வீட்டுக்காரர் கண்டுபிடிப்பார்கள்.

பாரமான நினைவென்றால், எரிந்த வீடோ காணாமல்போனவரோ என்றால், தனியாக இருந்து வரையாதீர்கள், இரவில் வரையாதீர்கள். பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் நீங்களும் கரியைக் கீழே வையுங்கள், அடுத்ததைக் கேட்கவேண்டாம். தேத்தண்ணி போடுங்கள். அன்றைக்கு முற்றத்துக் கிணறு மட்டும் போதுமென்றால் போதும்.

கையைப் பழக்குவது

ஹொராஸ் லெகொக் த புவாபோத்ரான் என்ற பிரெஞ்சு ஆசிரியர் 19ஆம் நூற்றாண்டில் தன் மாணவர்களுக்கு நினைவிலிருந்து வரைவதைப் பாடமாகவே நடத்தினார், சிற்பி ரொடான் அவரிடம் படித்தவர். பொருளை நன்றாகப் பார், அதை விட்டு விலகு, பிறகு வரை, இதுதான் அடிப்படை. இதற்குக் கொழும்பில் பஸ் போதும். வெள்ளவத்தைச் சந்தையடியில் பஸ் நிற்கிற நேரம் ஒரு கடையைப் பாருங்கள், பெயர்ப்பலகையை வாசிக்காதீர்கள், கூரைத் தகரத்தின் நிழல் எந்த இடத்தில் வெட்டுகிறது, கடைக்காரரின் முகத்தில் எந்தப் பாதி வெளிச்சம் என்று மட்டும் பாருங்கள். வீட்டுக்கு வந்து உள்ளங்கை அளவில், கறுப்பு சாம்பல் வெள்ளை மூன்றே நிறத்தில் போடுங்கள். அடுத்த நாள் அதே கடையைத் தாண்டும்போது ஒப்பிட்டுக்கொள்ளலாம். சிறுவயது நினைவுக்குப் போகுமுன் நேற்றைய நினைவில் கை பழகினால் நல்லது.

கறுப்பு வெள்ளையில் பழகிய கண்ணைப் பார்க்க விரும்பினால் லயனல் வென்ட்டின் போட்டோக்களைத் தேடிப் பாருங்கள். 1900இல் பிறந்து 1944இல் இறந்த கொழும்புக்காரர், '43 குழு என்ற இலங்கை ஓவியர் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், தன் கறுப்புகளைக் கறுப்பாகவே விடப் பயப்படாதவர். கில்ட்ஃபோர்ட் கிரசன்டில் அவர் பெயரில் இருக்கிற கலைக்கூடத்தில் கண்காட்சி நடக்கும் நாளில் போகலாம். பார்ன்ஸ் பிளேசில் ஓவியர் ஹரி பீரிஸின் வீடாக இருந்த சபுமல் மன்றத்தில் அந்தக் குழுவின் ஓவியங்கள் இருக்கின்றன. நிறத்தை விட்டு, வெளிச்சத்தை எங்கே வைத்தார்கள் என்று மட்டும் பாருங்கள்.

வரைந்ததைக் காப்பாற்றுவது

முடிந்ததும் கரி உதிராமல் தாளில் பிடித்துவைக்கிற ஃபிக்ஸட்டிவ் ஸ்பிரே, ஒரு அடி தள்ளி நின்று, மெல்லிய பூச்சாக, காய்ந்தபின் இன்னொன்று. பல்கனியில் அடியுங்கள், மழை நாளில் வேண்டாம். சிலர் தலைக்கு அடிக்கிற ஸ்பிரேயைப் பாவிக்கிறார்கள், அது காலப்போக்கில் மஞ்சளாகும், மாமியின் இரவு மஞ்சளாகவேண்டாம். ஸ்பிரே அடித்தால் வெள்ளைகள் கொஞ்சம் மங்கும், அதை முன்கூட்டியே நினைத்து வெளிச்சத்தைச் சற்றுக் கூடவே எடுத்துவையுங்கள். சட்டம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், தொட்டால் இந்த ஈரத்துக்குக் கரி கண்ணாடியில் ஏறிவிடும், பூஞ்சணமும் பிடிக்கும். கடல் பக்கச் சுவரில் மாட்டவேண்டாம். சட்டம் போடாதவற்றைப் படுக்கையாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் எண்ணெய்த்தாள் மாதிரி வழவழப்பான மெல்லிய தாள் வைத்து அடுக்குங்கள், எண்ணெய் ஊறாத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

பின்பக்கத்தில் எழுதவேண்டியவற்றை எழுதுங்கள்: யாருடைய நினைவு, எந்த ஊர், எந்த ஆண்டளவில், வெளிச்சம் எந்தப் பக்கத்தால், எதை உறுதியாகச் சொன்னார்கள், எதைச் சொல்லவில்லை. பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். பேனை மை முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.